சிஞ்ஞோரா கொடுத்த குத்தூசோ படம்: திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

இத்தாலியின் பலெர்மோவிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஊர் யாழ்ப்பாணம். தனியாக இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டில் 11 ஆண்டுகள் முழுநேரப் பதாந்தேயாக (முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வீட்டுப் பணியாளராக) வேலை செய்தவர். 2021 கிறிஸ்துமஸ் அன்று அந்த சிஞ்ஞோரா (வீட்டு அம்மா), சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கிய படத்தைத் தானே கழற்றி, "இது இனி உன்னுடையது" என்று கையில் கொடுத்திருக்கிறார். எலுமிச்சம்பழங்கள், ஒரு கத்தி, மடித்த செய்தித்தாள். கீழே வலது பக்கம் பென்சிலில் "குத்தூசோ" என்ற இத்தாலிய ஓவியரின் பெயர், இடது பக்கம் 87/100. சட்டத்தின் பின் அட்டையில் சிஞ்ஞோரா தன் கையால் சகோதரியின் பெயரை எழுதி, "அன்புடன், நத்தார் 2021" என்று கையொப்பமிட்டிருக்கிறார்.

சிஞ்ஞோரா காலமாகிவிட்டார். கணவர் முன்பே போய்விட்டார், பிள்ளைகள் இல்லை, உயிலும் இல்லை. மிலானோவில் இருக்கும் தம்பி மகன்தான் வாரிசு. அவர் தொலைபேசியில் சொன்னவை மூன்று: படம் பல ஆயிரம் யூரோ பெறும் குடும்பச் சொத்து, நொத்தாரிசு இல்லாத பரிசு செல்லாது, படத்தைத் திருப்பித் தந்தால்தான் லிக்குவிதாசியோனே (பணிக்கொடை) பணம் வரும், இல்லாவிட்டால் கராபினியேரி பொலிஸிடம் போவேன். பழம்பொருள் கடைக்காரர் ஒருவரோ "இது வெறும் போஸ்டர், 150 தருகிறேன்" என்றாராம். இலண்டனில் உள்ள மகள் படத்தைத் தனக்கு அனுப்பச் சொல்கிறாள். "100 பிரதியில் ஒன்று என்றால் இது கொப்பிதானே, இதற்காகப் பொலிஸ் வரை போக வேண்டுமா, கொடுத்துவிடட்டுமா?" என்று கேட்டு முடிக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

கொடுத்துவிட வேண்டாம். இப்போதைக்கு விற்கவும் வேண்டாம், படத்தின் மரச்சட்டத்தைப் பிரிக்கவும் வேண்டாம். படம் யாருடையது என்ற கேள்விக்கான பதில், படம் எவ்வளவு பெறும் என்பதோடு பிணைந்திருக்கிறது. அந்தப் பிணைப்பு நீங்கள் நினைப்பதற்கு நேர்மாறாக, உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. அதனால் முதலில் தாளைப் பார்ப்போம், பிறகு சட்ட விதிகளுக்கு வருவோம்.

இது கொப்பியா?

இப்படி எண்ணிட்ட படம் லித்தோகிராஃப், அதாவது கல்லச்சு, என்றதும் நம் வீடுகளில் சட்டம் போட்டுத் தொங்கிய இலட்சுமி, சரஸ்வதி படங்கள் நினைவுக்கு வருவது இயல்பு. ரவி வர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து வந்தவையும் கல்லச்சுத்தான். ஆனால் அங்கே ஓவியர் தைலவண்ணத்தில் வரைந்ததைப் பார்த்து அச்சகக் கைவினைஞர்கள் கல்லில் படியெடுத்தார்கள். எத்தனை ஆயிரம் அச்சடிக்கலாம் என்பதற்குக் கணக்கே இல்லை.

ஓவியரின் அசல் லித்தோகிராஃப் வேறு. பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக்கல் பலகையிலோ துத்தநாகத் தகட்டிலோ ஓவியரே கொழுப்பு கலந்த வரைகட்டியால் நேராக வரைகிறார். அதன்மேல் சிறிது அமிலம் கலந்த கருவேலம் பிசின் கரைசலைப் பூசிக் கல்லைப் பதப்படுத்துகிறார்கள். கல்லை நனைத்து மை உருட்டினால், வரைந்த இடம் மையைப் பிடிக்கும், ஈரமான இடம் தள்ளிவிடும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல் அல்லது தகடு. முடிவு செய்த எண்ணிக்கை அச்சானதும் கல்லைத் தேய்த்து அழித்துவிடுவார்கள். இதற்கு மூலமாக வேறொரு ஓவியம் எங்கும் இல்லை. அந்த நூறு தாள்களும்தான் மூலம். ஆகவே 87/100 என்ற எண்ணால் உங்கள் தாள் கொப்பி ஆகிவிடாது.

1/100 என்றால் மதிப்பு கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எண் போடும் வரிசை அச்சான வரிசை அல்ல, ஓவியர் கையெழுத்துப் போட அடுக்கியிருந்த வரிசை. சில செதுக்கு முறைகளில் தகடு தேயத் தேயக் கோடு மங்கும், அங்கே முதல் தாள்களுக்கு மவுசு உண்டு. கல்லச்சில் நூறாவது தாளும் முதல் தாள்போலவே வரும்.

ரெனாத்தோ குத்தூசோ உங்களுக்கு அடுத்த ஊர்க்காரர். 1911இல் பகேரியாவில் பிறந்து, 1987இல் ரோமில் இறந்தவர். அவருடைய அருங்காட்சியகமும் கல்லறையும் பகேரியாவின் வில்லா கத்தோலிக்காவில் இருக்கின்றன. பலெர்மோச் சந்தையை அவர் 1974இல் வரைந்த "வுச்சிரியா" உங்கள் நகரத்திலேயே, ஸ்தேரி மாளிகையில் தொங்குகிறது. அவருடைய தைல ஓவியங்கள் பெரும் தொகைக்குப் போகின்றன. தம்பி மகன் மனத்தில் இருப்பது அந்த விலை. எண்ணிட்டுக் கையொப்பமிட்ட லித்தோகிராஃபோ இத்தாலிய ஏலங்களில் பெரும்பாலும் நூற்றுச் சொச்சம் முதல் ஐந்நூறு யூரோ வரைதான் போகும். நிறைய அச்சிட்டார், நிறைய வீடுகளில் இருக்கின்றன. இதைப் படித்து உங்கள் மனம் சற்றே தளரலாம். கொஞ்சம் பொறுங்கள்.

அசல்தானா என்று பார்ப்பது

குத்தூசோ பெயரில் கள்ளத் தாள்களும் நிறைய உலவுகின்றன. ஓவியத்தைப் புகைப்படம் எடுத்து ஆஃப்செட்டில் அச்சடித்து, அடியில் பென்சிலால் கையெழுத்தும் எண்ணும் போட்டால் போதும். சட்டத்தைத் திறக்காமலே நீங்கள் செய்யக்கூடிய சோதனைகள் சில உண்டு.

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று வாங்குங்கள், சில யூரோதான். எலுமிச்சையின் மஞ்சள், நிழலில் பச்சையாக மாறும் இடத்தில் வைத்துப் பாருங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் ஒரே அளவு இடைவெளியில் சிறு சிறு வட்டப் பூக்களாக அடுக்கி நின்றால் அது ஆஃப்செட். கடைக்காரர் சொன்ன "போஸ்டர்" என்பது அப்போதுதான் சரி. கரடுமுரடான சுவரில் சாக்குக்கட்டியால் இழுத்ததுபோல ஒழுங்கில்லாத மணிமணியான தடமும், ஒரு நிறம் இன்னொன்றின் மேல் படிந்து மூன்றாவது நிறம் தரும் இடங்களும் தெரிந்தால் நல்ல அறிகுறி. புள்ளி அடுக்கு கண்ணில் பட்டால் கதை முடிந்தது; படாவிட்டால் மட்டும் அசல் என்று உறுதியாகிவிடாது, ஏனென்றால் கோட்டோவியத்தைப் புள்ளியில்லாமலும் புகைப்பட முறையில் தகட்டுக்கு மாற்ற முடியும்.

அடுத்தது கையெழுத்து. இரவில் விளக்கை அணைத்து, கைபேசி டார்ச்சைப் படத்தின் பக்கவாட்டில், கண்ணாடியை ஒட்டினாற்போலப் பிடியுங்கள். பென்சில் கரி லேசாக மினுங்கும், அழுத்தி எழுதிய இடத்தில் தாள் குழிந்திருக்கும். அச்சான கையெழுத்து மற்ற மையைப் போலவே தட்டையாக இருக்கும். அதே வெளிச்சத்தில் கீழ் மூலைகளையும் பாருங்கள். அச்சகமோ வெளியீட்டாளரோ பதித்த மையில்லா முத்திரை புடைப்பாகத் தெரிந்தால், அதன் எழுத்துகளைத் தெளிவாகப் படம் எடுங்கள். கையெழுத்தைவிட அந்த முத்திரைதான் தேடுவதற்குக் கைகொடுக்கும்: எந்த அச்சகம், எந்த ஆண்டு, உண்மையில் எத்தனை தாள் என்பதை அதைப் பிடித்துக்கொண்டு பதிப்புப் பட்டியல்களில் சரிபார்க்கலாம். பட்டியலில் இருக்கும் அளவும் உங்கள் தாளின் அளவும் மில்லிமீட்டர் கணக்கில் ஒத்துப்போக வேண்டும். ஓரம் வெட்டப்பட்டிருந்தால் அசலானாலும் மதிப்பு நன்றாகவே குறையும்.

சட்டத்தின் பின்னால் ஓவியக் காலரிச் சீட்டோ சான்றிதழோ ஒட்டியிருந்தால் அதோடு நின்றுவிடாதீர்கள். சான்றிதழையும் அச்சடிக்கலாம். யார் எழுதியது, எந்தத் தாளைப் பற்றி, எண் 87 அதில் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். குத்தூசோவின் படைப்புகளைப் பதிவு செய்யும் ஆவணக்காப்பகம் ரோமில் இருக்கிறது. அச்சுப்படங்களையும் பார்க்கிறார்களா, கட்டணம் எவ்வளவு என்று முதலில் மின்னஞ்சலில் கேளுங்கள். இருநூறு யூரோத் தாளுக்கு அதைவிட அதிகம் செலவழித்துச் சான்றிதழ் வாங்குவதில் பொருளில்லை. ஏல நிறுவனங்களின் அச்சுப்படப் பிரிவுகள் புகைப்படம் பார்த்து மதிப்பு சொல்லப் பெரும்பாலும் பணம் கேட்பதில்லை. முன்பக்கம் முழுதும், கையெழுத்து, எண், முத்திரை, பின்பக்கம் என ஐந்து படங்களை இரண்டு நிறுவனங்களுக்கு அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பதில் சட்ட விஷயத்திலும் உங்களுக்குத் தேவைப்படும்.

"கண்ணாடிக்குள் பழுப்புப் புள்ளிகள் தெரிகின்றன, பிரித்து ஈரத்துணியால் துடைக்கலாமா" என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அவை ஈரக்காற்றாலும் பின்னாலுள்ள மலிவான அட்டையின் அமிலத்தாலும் வருபவை. தண்ணீர் பட்டால் புள்ளி படரும், தாள் நெளியும், பென்சில் எழுத்தும் கலைந்துபோகலாம். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது: சிஞ்ஞோரா எழுதிய அந்தப் பின் அட்டையைக் கழற்றும்போது கிழித்துவிடுவீர்கள். வெயில் படாத, சமையலறையை ஒட்டாத உள்சுவருக்கு இப்போதே மாற்றுங்கள். வழக்கு ஓய்ந்த பிறகு தாள் பராமரிப்பாளரிடம் கொடுத்து, பழைய அட்டையைத் தனியாகப் பத்திரப்படுத்தச் சொல்லி, அமிலமில்லா அட்டையில் மாற்றிக்கொள்ளலாம்.

நொத்தாரிசு இல்லாத பரிசு செல்லுமா?

தம்பி மகன் சொன்னதில் பாதி உண்மை. இத்தாலியக் குடிமைச் சட்டத்தின் 782ஆம் பிரிவுப்படி, நன்கொடை நொத்தாரிசு முன்னிலையில் பத்திரமாக எழுதப்பட வேண்டும், இல்லையேல் அது செல்லாது. அவர் சொல்லாமல் விட்டது அடுத்த பிரிவு, 783. சிறிய மதிப்புள்ள அசையும் பொருளுக்குப் பத்திரம் தேவையில்லை, பொருள் கைமாறியிருந்தால் போதும். சிறிய மதிப்பா என்பதைப் பொருளின் விலையை வைத்து மட்டும் பார்ப்பதில்லை, கொடுத்தவரின் பொருளாதார நிலையையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது.

விலை குறைவு என்று மனம் தளர்ந்தீர்களே, அதே விலைதான் உங்கள் உரிமையைத் தாங்கி நிற்கிறது. சொந்த வீடும் ஆசிரியர் ஓய்வூதியமும் உள்ள ஒருவருக்கு முந்நூறு யூரோத் தாள் சிறிய பொருள். அவர் தன் கையால் கழற்றிக் கொடுத்தார், அது உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. படம் பல ஆயிரம் பெறும் என்று தம்பி மகன் வாதாட வேண்டுமானால், அதற்கு அவருக்கும் மதிப்பீட்டாளர் ஒருவர் தேவைப்படுவார். உங்கள் கையில் இரண்டு ஏல நிறுவனங்களின் பதில் இருக்கும். அதனால்தான், தெரிந்தவர்களிடம் "பெரிய விலை போகும்" என்று பேசுவதையும் வாட்ஸ்அப்பில் எழுதுவதையும் இன்றோடு நிறுத்துங்கள்.

உண்மையில் அரிய தாளாக அமைந்து பல ஆயிரம் மதிப்பு வந்துவிட்டால் நிலைமை மாறும், மறைக்காமல் சொல்கிறேன். நல்லெண்ணத்தோடு பெற்ற பொருளைத் தொடர்ந்து 10 ஆண்டு வைத்திருந்தால் அனுபவ உரிமை கோரலாம், ஆனால் அந்தக் காலம் இன்னும் நிறைவடையவில்லை. அப்படியொரு மதிப்பு வந்தால் வழக்கறிஞர் இல்லாமல் ஒரு அடியும் எடுத்து வைக்க வேண்டாம்.

பின் அட்டை எழுத்தை "உயில்" என்று காட்டலாம் என யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். கையால் எழுதி, தேதியிட்டு, கையொப்பமிட்டால் இத்தாலியில் உயில் ஆகும் என்பது சரிதான். ஆனால் உயில் என்பது தன் இறப்புக்குப் பின் சொத்து யாருக்கு என்று சொல்வது. இங்கே அவர் உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிட்டார். இல்லாத உயிலைக் கோரினால், கையில் உள்ள நல்ல சான்றும் சந்தேகத்துக்கு உள்ளாகும். அது பரிசு என்பதற்குச் சான்று, அந்த வேலைக்கு அது போதும்.

பிள்ளைகளுக்கும் வாழ்க்கைத் துணைக்கும் சொத்தில் ஒரு பங்கைச் சட்டமே ஒதுக்கிவைக்கிறது. தம்பி மகனுக்கு அந்த உரிமை கிடையாது. "என் பங்கைக் குறைத்துவிட்டார்" என்று அத்தையின் பரிசை அவர் எதிர்க்க முடியாது. பரிசு செல்லாது என்று மட்டுமே வாதிடலாம்.

கராபினியேரி என்ற மிரட்டல்

முதியவர்களைப் பார்த்துக்கொள்வோர் மீது வரும் வழக்கமான குற்றச்சாட்டு, தண்டனைச் சட்டத்தின் 643ஆம் பிரிவு: மனத்திறன் குன்றியவரை ஏய்த்துப் பொருள் பெறுதல். அதை நிறுவ, அவர் அப்போது அந்த நிலையில் இருந்தார், நீங்கள் அதைப் பயன்படுத்தித் தூண்டினீர்கள் என்று காட்ட வேண்டும். 2021இல் சிஞ்ஞோரா தானே வங்கிக்குப் போனார், குறுக்கெழுத்து நிரப்பினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கிறிஸ்துமஸ் விருந்தில் எடுத்த புகைப்படங்கள், அவர் அனுப்பிய குரல் செய்திகள், அன்று உடனிருந்த பக்கத்து வீட்டுக்காரரின் பெயர், எல்லாவற்றையும் இந்த வாரமே ஒன்றுசேர்த்துக் கைபேசிக்கு வெளியே இன்னொரு பிரதி வையுங்கள். நேர்மையாகப் பெற்றவர் பயந்து திருப்பிக் கொடுத்தால், அதுவே பின்னால் குற்ற உணர்வுபோலக் காட்டப்படலாம். பொலிஸ் அழைத்தால் போங்கள், ஆனால் வழக்கறிஞர் இல்லாமல் வாக்குமூலம் எதிலும் கையெழுத்திட வேண்டாம். வருமானம் குறைவென்றால் அரசு செலவில் வழக்கறிஞர் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

லிக்குவிதாசியோனே வேறு, படம் வேறு

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தருவது இந்த இடம். நீங்கள் நான்கு பக்கம் படத்தைப் பற்றி எழுதி, இதை ஒரே வரியில் சொல்லிப் போய்விட்டீர்கள். 11 ஆண்டுப் பணிக்கொடை இந்தப் படத்தின் விலையைப்போலப் பல மடங்கு. ஒவ்வொரு ஆண்டின் மொத்தச் சம்பளத்தையும் 13.5ஆல் வகுத்து வருவது அந்த ஆண்டின் பங்கு, அதன்மேல் ஆண்டுதோறும் மறுமதிப்பு சேரும். இடையில் முன்பணமாக வாங்கியது இருந்தால் கழியும். அதோடு வாரம் 25 மணிக்கு மேல், 5 ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு 30 நாள் முன்னறிவிப்பு உண்டு. அதைத் தராமல் நிறுத்தியிருந்தால் அதற்குரிய பணம், எடுக்காத விடுமுறை, ஆண்டிறுதியில் தரும் பதின்மூன்றாம் சம்பளத்தின் பாக்கி எல்லாம் சேரும். இவை சிஞ்ஞோராவின் கடன்கள். சொத்தை ஏற்றுக்கொண்ட வாரிசு கடனையும் ஏற்றுக்கொண்டவர். படத்தைக் காட்டி இதை நிறுத்திவைக்க அவருக்கு எந்த உரிமையும் இல்லை.

அவர் ஒரு தாளை நீட்டி "கணக்கு முடிந்தது, இனிப் பாக்கி இல்லை" என்று கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். தெரியாமல் போட்டுவிட்டால் ஆறு மாதத்துக்குள் எதிர்க்கலாம். ஆனால் தொழிற்சங்கத்திலோ தொழில் அலுவலகத்திலோ முறைப்படி செய்த சமரசத்தைப் பிறகு அப்படிப் புரட்ட முடியாது, எனவே அங்கே உட்காரும்போது கணக்குத் தாள் கையில் இருக்க வேண்டும். கோருவதற்கான காலம் வேலை முடிந்த நாளிலிருந்து 5 ஆண்டு. சம்பளச் சீட்டுகளையும் இன்ப்ஸ் (சமூகக் காப்புறுதி நிறுவனம்) பதிவுகளையும் எடுத்துக்கொண்டு பத்ரொனாத்தோவுக்கோ (தொழிலாளர் உதவி அலுவலகம்) தொழிற்சங்கத்தின் வீட்டுவேலைப் பிரிவுக்கோ போய்க் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

மகளுக்கு அனுப்புவதும் விற்பதும்

இலண்டன் இப்போது ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே. 70 ஆண்டுக்கு மேற்படாத படைப்பு என்றால் இத்தாலியில் ஏற்றுமதி அனுமதி தேவைப்படாது. ஆனால் அது அந்த வயதுக்கு உட்பட்டது என்று ஏற்றுமதி அலுவலகத்துக்கு நீங்களே உறுதியளிக்கும் படிவம் உண்டு. அச்சான ஆண்டு தெரிய வேண்டியது அதற்காகவும்தான். அசல் லித்தோகிராஃபுக்குப் பிரிட்டனில் சுங்கவரி கிடையாது, இறக்குமதி மதிப்புவரி 5 வீதம். தகராறு முடியும்வரை மட்டும் அனுப்பாதீர்கள். படம் நாட்டைவிட்டுப் போனால் ஒளித்துவைத்ததுபோலத் தோன்றும்.

ஒருநாள் விற்க நினைத்தால், போஸ்டர் என்று சொல்லிக்கொண்டே 150 தர வந்தவரிடம் வேண்டாம். போஸ்டருக்கு யாரும் 150 தருவதில்லை. ஏலத்தில் விற்பவரிடமும் கழிவு பிடிப்பார்கள், படம் எடுக்கவும் காப்பீட்டுக்கும் தனியாகக் கேட்கலாம். முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். சரிபார்க்காமல் "அசல் குத்தூசோ" என்று நீங்களே விளம்பரம் போடவும் கூடாது. போலி என்று தெரிந்தும் அசலாக விற்பது இத்தாலியில் குற்றம், சந்தேகம் எழுந்தால் விசாரணை முடியும்வரை தாளைப் பறித்துவைப்பார்கள். வீட்டில் மாட்டி வைத்திருப்பதில் எந்தத் தவறும் இல்லை.

இனித் தம்பி மகனோடு தொலைபேசியில் பேச வேண்டாம். வரவு அட்டையுடன் கூடிய பதிவுத் தபாலில், உங்களுக்கு உதவுபவர் இத்தாலிய மொழியில் இவ்வளவு மட்டும் எழுதட்டும்: "தாங்கள் குறிப்பிடும் அச்சுப்படத்தை 2021 கிறிஸ்துமஸ் அன்று உங்கள் அத்தை தன் கையால் எனக்குப் பரிசளித்தார், அவர் எழுதிய அர்ப்பணிப்பும் அதில் உள்ளது. அது சட்டப்படி என்னுடையது. இதற்குத் தொடர்பில்லாமல், 11 ஆண்டு வேலைக்கான பணிக்கொடையும் மற்றப் பாக்கிகளும் இணைத்துள்ள கணக்கின்படி எனக்குச் சேர வேண்டியவை. 15 நாளுக்குள் செலுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்." படத்தின் விலையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் வேண்டாம். தபால் போய்ச் சேர்ந்ததற்கான அட்டை திரும்பி வந்ததும் அதைச் சம்பளச் சீட்டுகளோடு சேர்த்து வையுங்கள். பணிக்கொடையைக் கோரும் ஐந்தாண்டுக் கணக்கு, தபால் அவர் கைக்குச் சேர்ந்த நாளிலிருந்து புதிதாகத் தொடங்கும்.